கண்ணுக்கொரு சாதி, காதுக்கொரு சாதி!

பிறப்பைக் காட்டி மக்களை நான்காகப் பிரித்தது பழைய வருணம். பிள்ளைகளின் பழக்கத்தைக் காட்டி அவர்களை நான்காகப் பிரிக்கப் புதிய வருணம் ஒன்று புறப்பட்டிருக்கிறது. பழையது ஏட்டுச் சுவடியோடு வந்தது. புதியது மின்திரையோடு வருகிறது!

"இவன் கண்ணால் கற்பவன். இவள் காதால் கற்பவள். அவள் படித்தும் எழுதியும் கற்பவள். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறானே, அவன் கையால் செய்து கற்பவன். அவரவர் பாணிக்கேற்பப் பாடத்தை ஊட்டும் பொறி எங்களிடம் உண்டு, விலையைக் கொடுங்கள்!" என்று கடை விரிக்கிறார்கள்.

நியூசிலாந்தின் நீல் பிளெமிங் 1992இல் அறிமுகப்படுத்திய வினாத்தாளில் இருக்கிறது இந்த நான்கு கூறு. மாணவனின் விருப்பத்தைக் கேட்டறிய வந்தது அது. விருப்பத்தை விதியாக்கியதே விற்பனைக்கூட்டத்தின் வித்தை!

ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள்? 2004ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் பிராங்க் காபீல்டு குழுவினர் தேடியபோது, இத்தகைய பாகுபாடுகள் 71 கிடைத்தன. ஒரு குழந்தைக்கு 71 சாதிச் சான்றிதழ்! 2008இல் அமெரிக்காவின் ஹெரால்டு பாஷ்லரும் உடன் ஆய்ந்த மூவரும், பாணி பார்த்துப் பாடம் நடத்தினால் பயன் விளையும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று தீர்த்துச் சொன்னார்கள்.

ஆய்வேடு எதற்கு? அறிவைக் கேளுங்கள். காவிரி ஓடும் வழியை, காதால் கற்கும் பிள்ளையாயினும், வரைபடத்தில் கண்டுதானே அறிய வேண்டும்? ழகரத்தை, கண்ணால் கற்கும் பிள்ளையாயினும், கேட்டும் சொல்லியும்தானே பழக வேண்டும்? வழியைத் தீர்மானிப்பது பாடம். பிள்ளையின் நெற்றியில் ஒட்டிய சீட்டு அன்று!

சீட்டுதானே, ஒட்டினால் என்ன என்பீரோ? கேளுங்கள். "கையால் கற்பவன்" என்று பெயர் சூட்டப்பட்டவனிடமிருந்து முதலில் விலகுவது புத்தகம். பிறகு விலகுவது ஆசிரியரின் நம்பிக்கை. கடைசியில் விலகுவது கல்லூரி வாசல். 1953இல் ராஜாஜி ஆட்சி கொண்டுவந்த திட்டம் நினைவிருக்கிறதா? பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில்! குலக்கல்வி என்று தமிழகம் கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அன்று குலத்தைக் காட்டி ஏட்டைப் பறித்தார்கள். இன்று குணத்தைக் காட்டிப் பறித்தால் மட்டும் இனிக்குமா? சொல்பவர் நோக்கம் வேறாகலாம். பிள்ளை அடையும் கதி ஒன்றேயன்றோ!

அப்படியானால் பொறியே வேண்டாமா? வேண்டும், தோழர்களே, வேண்டும்! பார்வையற்ற பிள்ளைக்கு எழுத்தை ஒலியாக்கும் கருவி வேண்டும். செவித்திறனற்ற பிள்ளைக்குத் திரையில் எழுத்தும் சைகை மொழியும் வேண்டும். அவை பாணி அல்ல, தேவை. சலுகையும் அல்ல, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் உரிமை. பள்ளிகள் பூட்டிக் கிடந்த 2020இல், கல்வித் தொலைக்காட்சி குடிசைக்குள்ளும் பாடத்தைக் கொண்டு சென்றது; அதை மறுப்பாரில்லை. ஆனால் 2018 முதல் வந்த பாடநூல்களில் அச்சிட்ட கியூஆர் குறியீடு, கைப்பேசி உள்ள வீட்டில் கதவு. இல்லாத வீட்டில் வெறும் கறுப்புக் கட்டம்!

பிள்ளைகளுக்குள் வேற்றுமை இல்லை என்று சொல்லவில்லை. 2022இல் தமிழகத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைப் பாருங்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. அவை குழந்தை இன்று அறிந்ததன் அளவு. அதன் பிறவிக் குணம் அன்று. இன்றைய அரும்பு நாளை மலராகும். வருணத்தில் உண்டோ அந்த வழி?

ஆகவே, பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும் தோழர்களே, பொறியை விற்க வருவோரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பார்வையற்ற பிள்ளைக்கு இது பயன்படுமா? பழுதானால் யார் பார்ப்பது? ஆசிரியர் இல்லாத குறையை மறைக்கத் தொங்கவிடும் திரையா இது? விடை நேர்மையாக வந்தால் வாங்குங்கள். "உங்கள் பிள்ளை எந்த வகை?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், தலைநிமிர்ந்து சொல்லுங்கள்:

எல்லா வழியிலும் கற்கும் வகை; எல்லாப் பாடத்துக்கும் உரிமை உள்ள வகை!