சான் பிளாஸ்: அலையும் பூச்சியும்

மெக்சிகோவின் பசிபிக் கரையோரச் சிற்றூர்களைப் பற்றி எழுதுகிற பயணிகளுக்கெல்லாம் பிடித்தமான ஒரு தொடர் 'இன்னும் கெடாத ஊர்' என்பது. நயாரித் மாநிலத்துச் சான் பிளாஸில் நான்கு நாள் தங்கித் திரும்பியபின் அத்தொடர் எனக்குக் கசக்கிறது.

அலைச்சறுக்கு வீரர்கள் தேடி வரும் ஊர் இது. பக்கத்து மதாஞ்சேன் விரிகுடாவில் ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு முறை மட்டுமே எழும் ஓர் அலை, பலகைமேல் நிற்பவனைச் சுமார் 1,700 மீட்டர் கொண்டுசெல்ல வல்லது என்று கின்னஸ் நூல் ஒரு காலத்தில் குறித்திருந்தது. நான் இருந்த நாள்களில் கடல் தெப்பக்குளம்போல் கிடந்தது. இளைஞர்கள் பலகைகளை மணலில் கிடத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அந்தி சாய்ந்ததும் 'ஹெஹேன்' எனப்படும், கொசுவினும் சிறிய கடிபூச்சிகள் கிளம்பின, எல்லாரும் ஓடினோம்.

இந்தப் பூச்சிகள்தாம் ஊரைப் பெரிய விடுதிகளிடமிருந்து காக்கின்றன என்று உடன் தங்கியிருந்த அமெரிக்கர் ஒருவர் மகிழ்ச்சியோடு சொன்னார். மீன் சுட்டு விற்கும் அம்மையார் ஒருவரிடம், ஸ்பானியம் அறிந்த என் தம்பி மகள் இதை மொழிபெயர்த்துச் சொன்னாள். "எங்களையும்தான் கடிக்கிறது" என்றார் அவர்.

எதுவும் நடவாத ஊரா இது? 1768-ல் ஸ்பானியர் இங்கே கடற்படைத் தளம் நிறுவினர். கலிபோர்னியாவுக்கும் அதற்கு வடக்கே அலாஸ்காக் கரைக்கும் கப்பல்கள் இங்கிருந்து சென்றன. 1810-ல், விடுதலைப் போரின் தொடக்கத்தில், மெர்காதோ என்ற பாதிரியார் இதைக் கைப்பற்றினார். பிற்பாடு துறைமுகத்தின் பெருமை மங்கியது. 2002 அக்டோபரில் கென்னா சூறாவளி பெரும்பாலான வீடுகளைச் சிதைத்தது. குன்றின்மேல் கூரையற்ற தேவாலயச் சுவர்கள் நிற்கின்றன.

இலக்கியமும் இவ்வூரைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறது. லாங்ஃபெலோ இறப்பதற்குச் சில நாள் முன்பு, 1882 மார்ச்சில், இவ்வூர் மணிகளைப் பற்றிக் கவிதை எழுதினார்; அவர் இங்கே வந்ததில்லை. 1997-ல் மானா இசைக்குழு, வராத காதலனுக்காகத் துறையில் காத்திருக்கும் பெண்ணைப் பாடிற்று. நெய்தல், இரங்கல் என்று தமிழாசிரியன் மனம் உடனே திணை வகுத்துவிடுகிறது. அந்தப் பாட்டுக்குக் காரணமானவளாகச் சொல்லப்படுகிறவள் சில்லறைப் பண்டம் விற்றுப் பிழைத்தவள் என்பதைத் திணையிலக்கணம் சொல்லாது.

தெற்கே சயூலிதா இருக்கிறது. 2015-ல் அரசின் 'மாய ஊர்' பட்டியலில் இடம்பெற்ற அலைச்சறுக்கு ஊர். அங்கே வாடகை உயர்ந்தது. கழிவுநீர் கடலில் கலக்கிறதென்ற புகாரும் எழுந்தது. ஆகவே சான் பிளாஸ் இப்படியே இருக்கட்டும் என்கிறார்கள் நண்பர்கள். அதைச் சொல்லும் உரிமை நான்கு நாள் விருந்தாளிக்கு இல்லை என்பதே என் கருத்து. ஒருவரது வறுமை நமக்கு அமைதியாகத் தெரிகிறதென்றால், அந்த அமைதிக்கு விலை கொடுப்பவர் யாரென்று கேட்டாக வேண்டும்.

அந்த அம்மையாரிடம் என்ன வேண்டும் என்று கேட்டோம். அடுத்த புயலுக்குப் பறக்காத கூரை என்றார். பிறகு, மீன் ஆறிவிடும், சாப்பிடுங்கள் என்றார்.