மட்டக்களப்புக்குள் ஒரு பாய்ப்படகு

மட்டக்களப்பின் ஆங்கிலப் பெயரில் பத்து எழுத்துகள் உள்ளன. பி, ஏ, ரி, ரி, ஐ, சி, ஏ, எல், ஓ, ஏ. இவற்றை மாத்திரம் வைத்து எத்தனை ஆங்கிலச் சொற்களை அமைக்கலாம் என்று தாளும் பென்சிலுமாக அமர்ந்து பாருங்கள். வௌவாலும் பூனையும் உடனே அகப்படும். சற்றுப் பொறுத்தால் படகு, மேலங்கி, நிலக்கரி, வால், கொதித்தல், மொத்தம் ஆகியவற்றுக்கான சொற்கள் வரும். இன்னும் பொறுத்தால் கோபால்ட் என்னும் உலோகமும், ஆங்கில அகராதியில் குடியேறிவிட்ட தபேலாவும் வரும். எனக்குக் கிடைத்தவற்றுள் நீளமானது ஏழெழுத்துச் சொல்: 'கட்போட்'. முன்முனையை ஒட்டிப் பாய்மரம் நட்டு, ஒரே பாயை விரித்துச் செல்லும் சிறு படகின் பெயர் அது. வாவிக்கரை ஊரின் பெயருக்குள் அது அத்தனை காலமும் ஒளிந்து கிடந்திருக்கிறது.

இனி இதே விளையாட்டைத் தமிழ்ப் பெயரோடு ஆடுங்கள். ம, ட், ட, க், க, ள, ப், பு. களப்பு தானாகவே நிற்கிறது. மப்பு, கப்பு, கடப்பு என்று சில கிடைக்கும். படகு என்று எழுத ஆசைப்பட்டால் முடியாது. ப் உண்டு, பு உண்டு, ப இல்லை. க் உண்டு, க உண்டு, கு இல்லை. பு-வில் உறையும் உகரத்தைக் கழற்றிக் க்-உடன் ஒட்டிவிட நமது எழுத்து இடம் தராது. உயிரும் மெய்யும் கூடியதே உயிர்மெய் என்று இலக்கண வகுப்பில் படிக்கிறோம்; கண்ணுக்கோ அது ஓர் உருவமாகவே தெரிகிறது.

இதை விளையாட்டுச் செய்தியாக நான் சொல்லவில்லை. பத்திரிகையொன்றின் மாணவர் பக்கத்தைச் சில ஆண்டுகள் கவனித்தவன் என்ற முறையில், பிள்ளைகளின் ஆங்கிலக் கையெழுத்தை மூட்டை மூட்டையாகப் பார்த்திருக்கிறேன். 'இலிருந்து' என்று பொருள்படும் நான்கெழுத்துச் சொல்லை எழுத முனைந்து, 'படிவம்' என்று பொருள்படும் சொல்லை எழுதிவிடுவார்கள். இரண்டிலும் எழுத்துகள் அவையே. ஓ-வும் ஆரும் இடம் மாறியிருக்கும். இதனைக் கவனக்குறைவு என்று ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழிப்பார்கள். கவனக்குறைவு மட்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. அசையை ஒரே உருவமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உயிர் தனியே ஒரு கட்டையாகவும் மெய் தனியே ஒரு கட்டையாகவும் கிடப்பது புதிய காட்சி. எழுத்துகளைக் கலைத்துச் சேர்க்கும் இந்த விளையாட்டு அந்தக் கண்ணைப் பழக்குகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைக்கு அது பொழுதுபோக்கு. நமது பிள்ளைக்கோ அது பாடம்.

அந்தப் பாடத்தைத்தான் இப்போது இயந்திரம் செய்து கொடுக்கிறது. எழுத்துகளைக் கைத்தொலைபேசியில் இட்டால், அவற்றைக் கொண்ட சொற்கள் யாவும் கண்ணிமைப்பில் வரிசையாக வந்து நிற்கின்றன. சூட்சுமம் எளியது. அகராதியின் ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசைப்படி அடுக்கி வைத்துக்கொண்டால், ஒரே எழுத்துகளால் ஆன சொற்களெல்லாம் ஒரே அடுக்கில் வந்து விழுந்துவிடும். பொருள் எதுவும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை. மாணவர் பக்கத்துக்கு வந்த விடைகளிலேயே மாற்றம் தெரிந்தது. முன்னர் பத்துச் சொற்களும் இரண்டு பிழைகளுமாக வந்தன. பின்னர் அறுபது சொற்கள், ஒரு பிழையும் இல்லாமல். அவற்றில் பாதியை நானே அகராதியில் தேட வேண்டியிருந்தது.

பொருள் தெரியாமலே இதில் உச்சிக்குப் போகலாம் என்பதும் உண்மையே. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலே, சொற்பட்டியலை மனனம் செய்து, 2015 இல் பிரெஞ்சு ஸ்கிரபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024 இல் ஸ்பானிய மொழியிலும் வென்றார். அபாரமான மூளை; வணங்குகிறேன். ஆனால், வென்ற பின் பிரெஞ்சில் நேர்முகத் தேர்வுக்குப் போகவேண்டிய தேவை அவருக்கு இல்லை. படுவான்கரைப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அந்தத் தேவை இருக்கிறது.

வாவியின் மேற்குக் கரையைத்தான் படுவான்கரை என்கிறோம். வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814 இல் மட்டக்களப்பு நகரில் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். இரு நூற்றாண்டுகள் கழிந்தும், ஆங்கில ஆசிரியர் இல்லை என்ற முறைப்பாடு வாவியின் அக்கரையிலிருந்து ஓயவில்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை பாதையேறி வாவியைக் கடக்க வேண்டியிருந்தது என்று அப்போது காரணம் சொன்னார்கள். பாலம் வந்தது. ஆசிரியர் வரவேண்டிய இடத்துக்கு இப்போது கைத்தொலைபேசி வந்திருக்கிறது. அதுவே போதும் என்று சொல்பவர்களும் சேர்ந்து வந்திருக்கிறார்கள். இவர்களோடுதான் எனக்கு வழக்கு.

நமது முன்னோரும் எழுத்தை வைத்து விளையாடியவர்களே. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளுள் அக்கரச்சுதகம் என்று ஒன்றுண்டு. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க, எஞ்சுவது ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தரவேண்டும். பொருள் தராவிட்டால் ஆட்டம் செல்லாது. வித்துவச் செருக்கு என்று இதனை ஒதுக்குபவர்கள் உண்டு. நானும் சித்திரகவியின் பெரிய ரசிகன் அல்லன். எனினும் அந்த ஒரு விதி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே கொக்கட்டிச்சோலையிலும் வவுணதீவிலும் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்பேன். பழைய அட்டைப்பெட்டியைச் சதுரங்களாக வெட்டி எழுத்துகளை எழுதுங்கள். உயிரெழுத்துகளை வேறு நிறத்தில் எழுதுங்கள். ஊர்ப் பெயர்களையே கொடுங்கள். நால்வர் நால்வராகப் பிள்ளைகள் கலைத்துச் சேர்க்கட்டும். தமிழில் பொருள் சொன்னால்தான் சொல்லுக்குப் புள்ளி. பொருள் தெரியாத சொல்லைக் கொண்டுவருபவர் அகராதியைத் திறந்து அனைவருக்கும் வாசிக்க வேண்டும். கைத்தொலைபேசியை மணி அடித்த பின் எடுக்கலாம், தவறவிட்டவை எவை என்று பார்ப்பதற்கு. நாற்பது நிமிடப் பாடவேளையில் இருபது சொற்கள் தேறினால், அந்த வகுப்புக்கு அன்று ஆங்கிலம் நடந்திருக்கிறது என்று பதிவேட்டில் தயங்காமல் எழுதலாம்.