கிருமி கொடுத்தவனுக்கு மருந்து இல்லையா?

வியாபாரச் சகோதரர்களே! உங்கள் கடைச் சரக்கை ஒருவன் சும்மா அள்ளிக்கொண்டு போய், பொட்டலம் கட்டி உங்களிடமே விற்க வந்தால் விடுவீர்களா?

இந்தோனேசியாவுக்கு அதுதான் நடந்தது. பறவைக் காய்ச்சலில் மக்களைப் பறிகொடுத்த அந்நாடு, எச்5என்1 கிருமி மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்கூடங்களுக்கு இலவசமாக அனுப்பி வந்தது. அதே கிருமியை வைத்து ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று தடுப்பூசி தயாரித்தது! கொடுத்தவனிடம் சம்மதம் கேட்டார்களா? இல்லை. ஊசி கிடைக்கும் வரிசையில் பணக்கார நாடுகள்தான் முன்னே நின்றன.

2007-ல் சுகாதார அமைச்சர் சித்தி ஃபாழிலா சுபாரி, இனி மாதிரி இல்லை என்றார். உலகத்துக்கே ஆபத்து என்று கூப்பாடு போட்டார்கள். (2017-ல் ஊழல் வழக்கில் அவர் தண்டிக்கப்பட்டது வேறு கணக்கு. அதனால் அவர் கேட்ட கேள்வி தப்பாகிவிடுமா?)

ஆராய்ச்சியே வேண்டாம், தடுப்பூசியே வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்ல நாம். பங்கு எங்கே என்றுதான் கேட்கிறோம். அந்தப் பிடிவாதத்தால்தான் 2011-ல் உலக சுகாதாரப் பேரவை விதி வகுத்தது: மாதிரி பெறும் கம்பெனிகள் ஊசியிலோ மருந்திலோ ஒரு பங்கு தர வேண்டும். ஆனால் அது கொள்ளைநோயாகக்கூடிய இன்ஃபுளுயன்சாவுக்கு மட்டும்!

2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா விஞ்ஞானிகள் ஒமிக்ரானைக் கண்டறிந்து உலகத்துக்கு அறிவித்தார்கள். கிடைத்த கூலி என்ன தெரியுமா? ஓரிரு நாளில் அவர்கள் நாட்டு விமானங்களுக்குத் தடை!