செய்தியை விற்றவர், செய்தியை மறைத்தவர்

மேக்ஸ் கிளிஃபோர்டு இங்கிலாந்தின் பெரிய பிரபலங்களுக்கு பி.ஆர்.ஓ.வாக இருந்தவர். அவர்களின் கதைகளைப் பத்திரிகைகளுக்கு விற்றே பணக்காரரானார். ஆனால், செய்தி வெளிவராமல் தடுப்பதுதான் தன் வேலையில் பெரும்பகுதி என்று அவரே சொல்லியிருக்கிறார். என் கவனம் அங்கேதான் நிற்கிறது.

பிபிசி தொகுப்பாளர் ஜிம்மி சாவிலின் பாலியல் குற்றங்கள், அவர் செத்த மறுவருடம், 2012இல் அம்பலமாயின. நடுங்கிப்போன நட்சத்திரங்கள் தன்னை அழைப்பதாக கிளிஃபோர்டு பேட்டி கொடுத்தார். அந்த டிசம்பரிலேயே அவரும் கைதானார். 2014இல் எட்டுப் பாலியல் குற்றங்கள் நிரூபணமாகி, 8 ஆண்டு சிறை.

15 வயதில் அவரிடம் சிக்கிய ஒரு பெண், பின்னாளில் அவருக்கு எழுதிய கடிதத்தை அவர் படுக்கையருகிலிருந்து போலீஸ் எடுத்தது. ஊடகங்களுக்கோ இது ஒரு பெரிய மனிதரின் வீழ்ச்சி! எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவளுக்கு ஏது பி.ஆர்.ஓ.? 1970களில் நடந்ததை நீதிமன்றம் கேட்க 2014 ஆயிற்று.