முதலிலும் ஐந்து, முடிவிலும் ஐந்து

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

டெல்லியில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் டெல்லி கோல்ஃப் கிளப்பின் மதிப்பெண் அட்டையைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். "சார், இங்கே முதல் குழியும் 5 பார், பதினெட்டாவது குழியும் 5 பார். இது ஆட்டக்காரனுக்குச் செல்லம் கொடுக்கிற அமைப்பு என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். நம் குடும்பக் குழுவில் அதைப் போட்டதும் என் தங்கை மகனும் அவர்கள் கட்சியில் சேர்ந்துகொண்டான். "மாமா, ஆரம்பமும் சுலபம், முடிவும் சுலபம் என்றால் அது பரீட்சையா, பந்தியா?" என்றான். இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் கோல்ஃப் மட்டை பிடித்தவன் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு தூக்கம் குறைந்தது. அமெரிக்காவில் ஞாயிறு மாலை நடக்கும் இறுதிச் சுற்று நமக்கு நள்ளிரவு தாண்டித்தான் வரும். அப்படிப் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்ட ஆர்வம். பணக்காரர் ஆட்டத்தைப் பற்றி சாருக்கு என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். மைதானம் அமைப்பது என்பது வினாத்தாள் தயாரிப்பது போன்ற வேலை. அது எனக்குத் தெரிந்த வேலை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு சின்னப் பாடம். ஒரு மைதானத்தில் 18 குழிகள். டீ என்ற இடத்தில் தொடங்கி, கிரீன் என்ற வழவழப்பான புல்தரை வரை பந்தை அடித்துச் சென்று குழியில் விழ வைக்க வேண்டும். இந்த முழுத் தூரத்தையும் சேர்த்துத்தான் ஒரு குழி என்கிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் அதை எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற கணக்குதான் பார். கிரீனில் ஏறிய பிறகு உருட்டிவிட இரண்டு அடி என்று வைத்துக்கொள்வார்கள். ஆகவே 3 பார் என்றால் ஒரே அடியில் கிரீன், 4 பார் என்றால் இரண்டு அடி, 5 பார் என்றால் மூன்று அடி. பல மைதானங்களில் 3 பார் நான்கு, 5 பார் நான்கு, மீதி பத்தும் 4 பார். கூட்டினால் 72. பாரை விட ஒன்று குறைந்தால் பர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி. பாடம் முடிந்தது.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். 5 பாரில் தொடங்கி 5 பாரில் முடிவது செல்லம் கொடுப்பது அல்ல, நியாயமான பரீட்சைக்கு நல்ல அமைப்பு. ஆனால் முதல் 5 பாருக்கு நான் சொல்லும் காரணம் வேறு, கடைசி 5 பாருக்குச் சொல்லும் காரணம் வேறு.

முதல் குழியை எடுத்துக்கொள்வோம். ஒரு சாதாரண ஆட்டக்காரர் டீயிலிருந்து 230 கெஜம் அடிப்பார், அடுத்தடுத்த அடிகளில் 190 கெஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் உடம்பு இன்னும் சூடேறவில்லை. பின்னால் நாலு பேர் நின்று பார்க்கிறார்கள். கை நடுங்கி முதல் அடி 120 கெஜத்தோடு நின்றுவிடுகிறது. அது 400 கெஜ 4 பார் என்றால் இன்னும் 280 கெஜம் பாக்கி. ஒரே அடியில் போகாது. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடத்தில் ஓர் அடி கடன். அதே தவறு 500 கெஜ 5 பாரில் நடந்தால்? 120, 190, 190. கூட்டிப் பாருங்கள், சரியாக 500. மூன்றாவது அடியில் கிரீனில் இருக்கிறார். அடுத்த இரண்டு அடிகளையும் நன்றாக அடித்தால் கணக்கு நேராகிவிடும்.

இதில் யாரும் யாருக்கும் எதையும் இலவசமாகக் கொடுக்கவில்லை. அடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். ஆனால் ஈடுகட்ட இடம் இருக்கிறது. முதல் ஐந்து நிமிடப் பதற்றத்தை அளப்பதற்காக யாரும் 18 குழி வைப்பதில்லை. பதற்றம் அடங்கிய பிறகு அவரிடம் என்ன வித்தை இருக்கிறது என்று பார்க்கத்தான் வைக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில் ரிவியேரா என்ற பழைய மைதானம் இருக்கிறது. அதன் முதல் டீ கிளப் கட்டடத்துக்குப் பக்கத்தில் மேட்டின் உச்சியில் இருக்கிறது. பந்து பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். 500 கெஜத்தை ஒட்டிய 5 பார். தொழில்முறை ஆட்டக்காரர்கள் அங்கே பர்டி எடுக்காவிட்டால்தான் முகம் வாடும். அதற்காக ரிவியேராவைச் சுலபமான மைதானம் என்று ஒருவரும் சொன்னதில்லை. அடுத்த குழியிலேயே கசக்கிப் பிழிய ஆரம்பித்துவிடும்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. இங்கிலாந்தில் ராயல் லித்தம் மைதானம் 3 பாரில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் ஓபன் நடக்கும் மைதானங்களில் அப்படித் தொடங்குவது அது ஒன்றுதான். முதல் அடியிலேயே கிரீனைத் தொட வேண்டும். அதற்கென்று ஒரு பெருமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தினசரி ஆட்டத்துக்கு 3 பார் தொடக்கம் ஒத்துவராது. முன்னால் போனவர்கள் கிரீனை விட்டு இறங்கும்வரை அடுத்த கூட்டம் டீயிலேயே கை கட்டி நிற்க வேண்டும். காலை எட்டு மணிக்கே வரிசை தேங்கிவிடும்.

இனி கடைசிக் குழி. இங்கே தேவைப்படுவது மன்னிப்பு அல்ல, மாற்றத்துக்கு வழி. கடைசிக் குழிக்கு வரும்போது ஒருவர் இரண்டு அடி பின்தங்கியிருந்தால், 4 பாரில் அவர் 2 அடியில் முடித்தால்தான் ஈகிள். தூரத்திலிருந்து அடித்த பந்து நேராகக் குழிக்குள் போனால்தான் அது நடக்கும். அது அதிர்ஷ்டம். 5 பாரில் அப்படியில்லை. துணிந்து நீளமாக அடித்து இரண்டாவது அடியிலேயே கிரீனில் ஏற்றி, ஒரே உருட்டில் முடித்தால் ஈகிள். அது திறமை. தவறினால் மணலிலோ தண்ணீரிலோ போய் 6, 7 என்று ஏறும். 3 முதல் 7 வரை எந்த எண்ணும் வரலாம் என்பதுதான் 5 பாரின் அழகு.

நியூ ஜெர்சியில் பால்டஸ்ரால் என்ற கிளப். அதன் லோயர் மைதானத்தில் 17, 18 இரண்டுமே 5 பார். 2016இல் அங்கே பிஜிஏ சாம்பியன்ஷிப் நடந்தது. ஜிம்மி வாக்கர் 17ஆவது குழியில் பர்டி எடுத்து மூன்று அடி முன்னிலைக்குப் போனார். எல்லாம் முடிந்தது என்று டிவியை அணைக்கப் போனவர்கள் உண்டு. அவருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஜேசன் டே 18ஆவது குழியில் ஈகிள் எடுத்தார். மூன்று அடி வித்தியாசம் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. இப்போது வாக்கர் 5 எடுத்தால் கோப்பை, 6 எடுத்தால் மறுபடி மோதல். அவர் 5 எடுத்து ஜெயித்தார். முடிவு மாறவில்லை. ஆனாலும் கடைசி அடி வரை அவர் அதைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. அதே இடத்தில் 2005இல் ஃபில் மிக்கல்சன் கடைசிக் குழியில் பர்டி எடுத்து ஓர் அடியில் வென்றார். நல்ல முடிவுக் குழி முன்னால் இருப்பவனையும் தூங்க விடாது, பின்னால் இருப்பவனையும் சோர விடாது.

நம் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒரு மதிப்பெண் கேள்விகள். பேனாவும் கையும் பழகிக்கொள்ளும். கடைசியில் 8 மதிப்பெண்ணுக்குச் செய்முறை வடிவியலும் வரைபடமும், 'அல்லது' போட்டு இரண்டில் ஒன்று. தேறுவானா மாட்டானா என்று இழுபறியில் இருக்கும் பையனை எத்தனையோ முறை அந்த வரைபடம் கரையேற்றியிருக்கிறது. நூற்றுக்குக் குறி வைத்தவள் அளவுத்திட்டம் எழுத மறந்து மதிப்பெண்ணை விட்டதும் அதே கேள்வியில்தான். நடுவில் வரும் கேள்விகள் வடிகட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலிலேயே வடிகட்டாதீர்கள் என்கிறேன்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். மருமகன் சொன்னது: "பார் என்பது அட்டையில் எழுதிய எண். மொத்த அடிகளைத்தானே எண்ணுகிறார்கள்? 4 என்று எழுதினால் என்ன, 5 என்று எழுதினால் என்ன?"

கணக்குப்படி சரி. மனசுப்படி சரியில்லை. 2011இல் டெவின் போப், மாரிஸ் ஷ்வைட்சர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொழில்முறைப் போட்டிகளில் 25 லட்சத்துக்கு மேற்பட்ட உருட்டல்களை அலசியிருந்தார்கள். ஒரே மாதிரியான தூரத்திலிருந்து உருட்டும்போது, பர்டிக்காக உருட்டுவதைவிடப் பாரைக் காப்பாற்ற உருட்டும்போது துல்லியம் கூடுகிறது என்று கண்டார்கள். இரண்டுமே ஓர் அடிதான். அட்டையில் எழுதிய எண் உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களின் கையையே மாற்றுகிறது என்றால், நம்மைப் போன்றவர்களைச் சும்மா விடுமா?

இதனால்தான் இன்னொரு வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பால்டஸ்ராலின் முதல் குழி உறுப்பினர்கள் ஆடும் நாளில் 5 பார். பெரிய போட்டி வந்துவிட்டால் அதே குழி 4 பார். 2016 போட்டியில் அதன் நீளம் 478 கெஜம். விதி இதற்கு இடம் கொடுக்கிறது. இன்றைய உலக ஹேண்டிகேப் முறையில் ஆண்களுக்கு 4 பார் 240 முதல் 490 கெஜம் வரை, 5 பார் 450 முதல் 710 கெஜம் வரை. 450க்கும் 490க்கும் நடுவில் இருப்பதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். மண் மாறவில்லை, புல் மாறவில்லை. நேற்று 5 எடுத்தவர் கணக்கு நேர், இன்று 5 எடுத்தவர் கடன்காரர். மைதானம் கடினமானது என்று காட்டிக்கொள்ள இதுவா வழி? கடினம் வேண்டுமென்றால் கிரீனில் வையுங்கள், மணல் குழியில் வையுங்கள். விடைத்தாள் திருத்தும்போது தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்திவிட்டு, பாடம் நன்றாக நடத்தினேன் என்று சொல்வது போல இருக்கிறது.

வாஷிங்டன் மாநிலத்தில் சேம்பர்ஸ் பே மைதானத்தில் 2015 அமெரிக்க ஓபன் நடந்தபோது இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். 1ஆவது குழி 5 பார் என்றால் அன்று 18ஆவது 4 பார். 18ஆவது 5 பார் என்றால் அன்று 1ஆவது 4 பார். டீ இருக்கும் இடத்தையும் மாற்றினார்கள். மொத்தம் என்றும் 70. வெள்ளிக்கிழமை 18ஆவது குழி 4 பாராக இருந்தபோது ஜோர்டன் ஸ்பீத் அதில் 6 எடுத்தார். இதைவிட முட்டாள்தனமான குழியை ஆடியதே இல்லை என்று அவர் புலம்பியது மைக்கில் பதிவானது. ஞாயிறன்று அதே குழி 5 பார். ஸ்பீத் இரண்டாவது அடியில் கிரீனில் ஏறிப் பர்டி எடுத்தார். பின்னால் வந்த டஸ்டின் ஜான்சனும் இரண்டு அடியில் ஏறினார். குழிக்கு ஏறத்தாழ நாலு கெஜ தூரம். ஒரே உருட்டில் போட்டால் கோப்பை, இரண்டு என்றால் சமநிலை, மூன்று என்றால் தோல்வி. மூன்று ஆனது. அந்த ஞாயிற்றுக்கிழமையை கோல்ஃப் ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். முதலும் முடிவும் நான்கு நாளும் 5 பாராகவே இருந்திருந்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு மறுப்பு எனக்கே நியாயமாகப் படுகிறது. முதல் 5 பார் மிகவும் குட்டையாக இருந்தால், பலசாலிகள் இரண்டாவது அடியிலேயே கிரீனுக்கு ஆசைப்பட்டு, முன்னால் இருப்பவர்கள் விலகும்வரை நடுவழியில் காத்திருப்பார்கள். பின்னால் கூட்டம் சேரும். ஆகவே முதல் 5 பாரைச் சற்று நீட்டி வையுங்கள். பெரும்பாலோர் மூன்று அடியில் போகிற மாதிரி இருந்தால் ஓட்டம் தடைபடாது. கடைசி 5 பாரைச் சற்றுக் குறைத்து வையுங்கள், ஆசை காட்ட வேண்டும் அல்லவா! இரண்டும் 5 பார்தான். வேலை வேறு.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் முதலும் கடைசியும் 4 பார்தானே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் அங்கே 1ஆவது குழிக்கும் 18ஆவது குழிக்கும் நடுவில் தடுப்பே கிடையாது, ஒரே அகண்ட புல்வெளி. எங்கே அடித்தாலும் பந்து கிடைக்கும். மற்றவர்கள் நீளத்தால் கொடுக்கும் இடத்தை அவர்கள் அகலத்தால் கொடுக்கிறார்கள். அந்த அகலம் எல்லா ஊருக்கும் வாய்க்காது. டெல்லியில் லோதி காலத்துக் கல்லறைகளுக்கும் முட்புதர்களுக்கும் நடுவே இடுங்கலாகப் போகும் மைதானத்தில், முதலிலும் முடிவிலும் 5 பார் வைத்தது பொருத்தமான முடிவு. வழி குறுகலாக இருக்கும்போது நீளமாவது தாராளமாக இருக்கட்டும்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். சிலர் நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறீர்கள். முதல் கேள்வியிலேயே ஆளைத் திணற வைத்துவிட்டு, "தேறமாட்டான்" என்று எழுதிவிடுவது சுலபம். அதில் அவன் பயம்தான் தெரியும், அறிவு தெரியாது. முதலில் மூச்சு விட இடம் கொடுங்கள். நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். கடைசியில், அதுவரை பின்தங்கியிருந்தாலும் எட்டிப் பிடிக்கிற மாதிரி ஒரு கேள்வி வையுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பின்னூட்டத்தில் தாராளமாக எழுதுங்கள். மருமகனே, உன் பதிலுக்குத்தான் முதலில் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்