வாளையாறு தாண்டாமல் கடல் தாண்டலாமா?



கன்வென்ஷனின் கடைசி இரவில், வெளிதேச ஊழியத்திற்கு ஒப்புக்கொடுப்பவர்கள் முன்னே வாருங்கள் என்று அழைப்பு கொடுக்கப்படும்போது, நமது பட்டணச் சபைகளின் வாலிபர்கள் கண்ணீரோடு எழுந்து வருகிறார்கள். அந்தக் கண்ணீர் மெய்யானது. அதை அற்பமாய் எண்ணக் கூடாது. ஆனால் மறுநாள் காலையில் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுகிறவர்கள் மிகச் சிலரே. ஒருவர் வேதாகமக் கல்லூரியின் விண்ணப்பத்தை நீட்டுகிறார். இன்னொருவர் பாஸ்போர்ட் இருக்கிறதா என்கிறார். மற்றொருவர், தமக்குத் தெரிந்த ஏஜெண்டு உண்டு, விசிட் விசாவில் போய் இறங்கிவிட்டால் மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்கிறார். சில வாரங்களில் தாயின் நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. ஆகவே இம்மாதம் இப்படிப்பட்ட தம்பி தங்கைகளுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும், சபை மூப்பர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் ஆலோசனை இதுதான்: கடல் தாண்டுமுன் ஓராண்டு காலம் வாளையாற்றையோ போடிமெட்டையோ தாண்டிப் போய் இருங்கள். அங்குள்ள ஒரு மேய்ப்பருக்குக் கீழ்ப்பட்டு, அங்குள்ளோரின் பாஷையைக் கற்று, அவர்களுடைய சோற்றைச் சாப்பிட்டு இருங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாக ஒன்றரை மணி நேரத்தில் பாலக்காடு சேரலாம். சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. வடக்கே அட்டப்பாடி மலையில் இருளர், முடுகர், குறும்பர் என மூன்று ஜனங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு. தெற்கே இடுக்கியில் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்கள். தேனி மாவட்டத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலக்காட்டுக்குச் சென்று பொழுது சாயும் வேளையில் திரும்புகிறார்கள். வீட்டுக்கூட்டத்தை எந்த நேரத்தில் வைப்பது என்பதைக்கூட அந்த ஜீப்புகளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இதை எந்த வேதாகமக் கல்லூரியும் கற்றுத் தராது.

"அங்கே தமிழே போதுமே, பாஷை கற்பானேன்?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சோதனை இருக்கிறது. லயத்து வீட்டில் தமிழ் போதும். காவல் நிலையத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் போதாது. நெஞ்சுவலி வந்த ஒரு தகப்பனை நள்ளிரவில் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனால், மருத்துவரிடம் யார் பேசுவது? பாதி விளங்கும் பாஷை சற்றும் விளங்காத பாஷையைவிட அதிகமாய் ஏமாற்றும். மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். சம்சாரம் என்றால் பேச்சு. பட்டி என்றால் நாய். பட்டிதொட்டியெங்கும் சுவிசேஷம் சொல்ல வந்தேன் என்று ஒரு தமிழ்ச் சகோதரர் பாலக்காட்டு மேடையில் முழங்கினால், முன்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொள்ளப் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். இந்த வெட்கத்தை வீட்டுக்கு அருகிலேயே பட்டுக்கொள்வது நல்லது.

மலையாள பாஷைக்கு அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட் இந்தக் காரியத்தில் நமக்கு நல்ல மாதிரி. ஜெர்மனியில் பிறந்து டாக்டர் பட்டம் பெற்ற அவர், கல்கத்தாவுக்கே போகிறோம் என்று எண்ணி 1836-இல் கப்பலேறி, பயணத்தில் வங்காளம் கற்றார். திட்டம் மாறியது; சென்னையில் இறங்கினார். இங்கே தமிழ் கற்றுத் திருநெல்வேலியிலும் ஊழியம் செய்தார். 1838-இல் பாசல் மிஷனோடு இணைந்து மங்களூர் போனார். 1839-இல் தலச்சேரியில் குடியேறினார். மலையாள இலக்கணமும், 1872-இல் வெளிவந்த பெரிய அகராதியும் அதற்குப் பின்பு வந்தவை. பாசல் மிஷன் 1858-இல் பாலக்காட்டிலும் நிலையம் அமைத்தது. குண்டர்ட் கப்பலில் கற்ற வங்காளம் வீண்போயிற்றென்று யாராவது சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. புது பாஷைக்கு முன்னே சிறுபிள்ளையைப்போல உட்காரும் பழக்கம் அவருக்கு அந்தக் கப்பலிலேயே உண்டாகியிருக்க வேண்டும்.

இடுக்கி மலைகளின் அடிவாரத்தில் நடந்தது வேறுவிதம். கோட்டயத்தில் சி.எம்.எஸ். ஊழியராயிருந்த இளைய ஹென்றி பேக்கரிடம் மலையரையர் தலைவர்கள் தாங்களே இறங்கி வந்து, எங்களுக்குக் கற்பிக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். ஒருமுறை அல்ல, பலமுறை வந்து வற்புறுத்திய பின்பே அவர் 1840-களின் முடிவில் மலையேறினார். முண்டக்கயம் அந்த ஊழியத்தின் மையமாயிற்று. நமது நாட்களில் அழைப்பு என்றால் போகிறவனுடைய உள்ளத்தில் எழும் உணர்ச்சி மட்டுமே என்று எண்ணிக்கொள்ளுகிறோம். அங்கேயோ அழைப்பு கால்நடையாய் மலையிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றது! தம்பி, நீங்கள் போக விரும்பும் தேசத்திலிருந்து உங்களை யாராவது கேட்டிருக்கிறார்களா? அங்குள்ள சபையின் மூப்பர் ஒருவருக்காவது உங்கள் பெயர் தெரியுமா?

அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாய் வாசியுங்கள். பவுல் போக நினைத்த இரண்டு வழிகளை ஆவியானவரே அடைத்துப்போட்டார். அதன் பின்புதான் துரோவாவில் மக்கெதோனியா தேசத்தானைப் பற்றிய தரிசனம். தரிசனத்தைக் கண்டவர் பவுல் ஒருவரே. ஆனால் இது தேவனுடைய அழைப்பு என்று தீர்மானித்ததைச் சொல்லும்போது லூக்கா, "நாங்கள்" என்று பன்மையில் எழுதுகிறார். நமது பெந்தெகொஸ்தே சபைகளில் தரிசனத்திற்கும் தீர்க்கதரிசனத்திற்கும் குறைவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். குறைவாயிருப்பது அந்தப் பன்மை. தனக்கு வெளிப்பட்டதை மூப்பர்கள் முன்னே வைத்து, அவர்கள் ஆறு மாதம் பொறு என்றால் பொறுத்திருக்க எத்தனை பேர் ஆயத்தம்?

உலக அரசாங்கமும் இதையேதான் கேட்கிறது. அமெரிக்காவின் ஆர்-1 என்னும் மத ஊழியர் விசாவுக்கு, விண்ணப்பத்திற்கு முந்தின 2 ஆண்டுகளாவது அதே சபைப்பிரிவில் அங்கத்தினராய் இருந்திருக்க வேண்டும். நேபாளத்துக்கோ விசாவே தேவையில்லை. அதனாலேயே பலர் முதலில் அங்கே ஓடுகிறார்கள். 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின்படி, ஒருவரை மதம் மாற்றுவதற்கு 5 ஆண்டுகள் வரை சிறை உண்டு. வெளிநாட்டவரானால் அதன்பின் நாடுகடத்தலும் உண்டு. இதை அறிந்து, அங்குள்ள விசுவாசிகளோடு ஆலோசித்துப் போவது வேறு. அறியாமல் போய், அவர்களையும் சேர்த்து வழக்கில் மாட்டிவிட்டுத் திரும்புவது வேறு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் ஊழியத்திலும் உதவ விரும்புகிறவர்கள், பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே கட்டணமாய் வாங்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விசிட் விசாவில் போய் வேலை செய்வது பொய். பொய்யின்மேல் ஊழியம் கட்டப்படாது.

வேலைக்குப் போனவர்களைக் கர்த்தர் பயன்படுத்தினதில்லையா? பயன்படுத்தியிருக்கிறார். கேரளத்திலிருந்து சிறுவயதில் பிழைப்புக்காக இலங்கை சென்ற ராமன்குட்டி, அங்கே இரட்சிக்கப்பட்டு பாஸ்டர் பால் ஆனார்; 1920-களில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் அவர் மூலமாய் எழும்பியது. ஆனால் அதற்கு முன்னே அவர் இலங்கையில் எத்தனையோ ஆண்டுகள் தாழ்ந்த நிலையில் வாழ்ந்து, அந்த ஜனத்தில் ஒருவராகியிருந்தார்.

அனுப்புகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வாலிபர்கள் 1900-ஆம் ஆண்டிலேயே ஒரு மிஷனெரிச் சங்கம் அமைத்து, நமது தொண்டிக்கு ஊழியரை அனுப்பித் தாங்கினார்கள். 1902-இல் அதைக் கண்டு திரும்பிய வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903 பிப்ரவரி 12-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் உருவாகக் காரணரானார். பிறரை அனுப்பியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1909-இல் தாமே தோர்ணக்கல்லுக்குப் போய் தெலுங்கர் நடுவே குடியிருந்தார்.

எல்லையோர ஓராண்டில் பிரசங்க மேடை கிடைக்காமல் போகலாம். 2020 ஆகஸ்டு 6 இரவில் மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் லயங்களின்மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். அநேகர் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பத்தார். தொலைத்தொடர்பு அற்றுப்போனதால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஊழியம் என்றால் கல்லறைக் குழி வெட்டுவதும், மீந்திருப்பவர்களோடு மாதக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருப்பதுமாகும். அதைச் செய்ய மனமுள்ள தம்பிக்கு எந்தத் தேசத்திலும் வேலை உண்டு.

மூப்பர்களே, உங்கள் சபையில் முன்வந்த வாலிபர்களின் பெயர்களை அடுத்த மூப்பர் கூட்டத்தில் வாசியுங்கள். ஒவ்வொருவருக்கும் எல்லையோரத்து மேய்ப்பர் ஒருவரைத் தேடி, கடிதம் எழுதி, ஓராண்டுக்கான படியைச் சபைக் காணிக்கையிலிருந்து ஒதுக்குங்கள். கூடவே, அவன் அனுப்பிவந்த பணம் நின்றுபோனால் ஊரிலிருக்கும் அவனுடைய தாயின் மாத்திரைச் செலவை யார் கொடுப்பது என்பதையும் அன்றே பேசி, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.