ஒரு துண்டுக் கசப்பு

பெருந்துன்பம் வந்தால் அதற்கென்று வழிகள் இருக்கின்றன. நோய்க்கு வேண்டுதல் உண்டு. கிரகக் கோளாறுக்குப் பரிகாரத் தலம் உண்டு. இழப்பு என்றால் பதினாறு நாளும் வீடு நிறைய உறவினர் உண்டு. ஆனால் எரிவாயு உருளை வராமற்போன துன்பத்துக்கு எந்தத் தலத்திலும் பரிகாரம் சொல்லப்படவில்லை. மூக்குக்கண்ணாடி உடைந்ததற்காக யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. முதுமையில் மனத்தை அரிப்பவை பெரும்பாலும் இத்தகைய சில்லறைத் துன்பங்களே. வெளியே சொன்னால் இதற்கா இவ்வளவு என்பார்கள். சொல்லாமல் விட்டால் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கும்.

தென்காசியில் தனியே வாழும் 73 வயது ஆச்சி ஒருவருக்கு ஐப்பசி மாதத்தில் அப்படி ஒரு வாரம் வாய்த்தது. திங்களன்று தண்ணீர் மோட்டார் நின்றது. செவ்வாயன்று எரிவாயு கொண்டுவந்தவர் கைபேசிக்கு வந்த எண்ணைக் கேட்டார். கைபேசியோ சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. உருளை வந்த வழியே திரும்பிப் போயிற்று.

புதன்கிழமை நடந்ததுதான் ஆச்சியை உண்மையில் அசைத்தது. கணவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. குடும்ப ஓய்வூதியம் தடையின்றி வர வேண்டுமானால் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். அதற்காகச் சேவை மையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, கருவியின்மேல் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாயிற்று. அரை நூற்றாண்டுக் காலம் அம்மியிலும் பாத்திரம் துலக்குவதிலும் தேய்ந்த விரல்கள் அவை. “ஆச்சி, ரேகை விழ மாட்டேங்கு. கையில எண்ணெய் தடவிட்டு நாளைக்கு வாங்க” என்றான் பையன். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். ஆயினும், உயிரோடு இருப்பதை ஒரு பெட்டி ஒப்புக்கொள்ள மறுத்தது என்ற எண்ணம் வீடு வந்து சேரும் வரை ஆச்சியை விடவில்லை.

வெள்ளிக்கிழமை காசி விசுவநாதர் கோயிலுக்குப் போகையில், ராஜகோபுர வாசலில் எல்லோரும் நின்று அனுபவிக்கும் அந்தக் காற்று ஆச்சியின் குடையை மேல்நோக்கிக் கவிழ்த்து இரண்டு கம்பிகளை முறித்துவிட்டது. உலகம்மன் சந்நிதிக்கென்று பூ வாங்கும்போது, முழம் இரண்டு விரற்கடை குறைகிறது என்று பூக்காரம்மாவிடம் சுருக்கென்று பேசிவிட்டார். இருபது ஆண்டுகளாகப் பூக்கொடுப்பவர் பதில் பேசவில்லை. கூட ஒரு சாண் பூவை அளந்து கூடையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

அன்று இரவுதான் அலமாரியில் கிடந்த டார்க் சாக்லேட் ஆச்சியின் நினைவுக்கு வந்தது. தீபாவளி விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேத்தி வைத்துவிட்டுப் போனது. “ஆச்சி, இதுல சர்க்கரை கம்மி. மனசு சரியில்லன்னா ஒரு துண்டு வாயில போட்டுக்கோங்க” என்று சொல்லியிருந்தாள். கணவர் போன பிறகு ஆச்சி அல்வாவைத் தொட்டதில்லை. விரதம் என்று எதுவும் ஏற்கவில்லை. எனக்கு எதற்கு என்ற ஒரு சொல்லிலேயே இனிப்பு எல்லாம் அவரை விட்டு அகன்றிருந்தது.

ஒரு சிறு சதுரத்தை ஒடித்து நாவில் வைத்தார். முதலில் கசந்தது. துப்பிவிடலாமா என்று தோன்றிய கணத்தில், வறுத்த காப்பிக்கொட்டையின் மணம் போன்ற ஒன்று மேலே எழுந்தது. மெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் துண்டு தானாகக் கரைந்தது. எல்லாம் கரைந்து முடிகிற தறுவாயில் இனிப்பு வந்தது. வந்தபின் நெடுநேரம் தங்கியது. ஜன்னலோரம் அமர்ந்து, மழை ஓடுகளில் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிடங்களில் மோட்டாரும் ரேகையும் குடையும் சற்றே விலகி நின்றன.

மறுகணம் குற்றவுணர்வு வந்துவிட்டது. இரவில், தனியே, சுவாமிக்கும் காட்டாமல்! அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தமக்கையிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, “ஏட்டி, சாமி கும்பிடுத வயசுல நாக்குக்கு என்ன கேடு?” என்று கேட்டார் அவர்.

தமக்கையின் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நாவடக்கம் என்பது பேச்சுக்கு மட்டும் சொன்னதன்று என்று பெரியவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆயினும் அடக்கம் வேறு, தன்னைத்தானே தண்டித்துக்கொள்வது வேறு. கீதையின் ஆறாம் அத்தியாயம் மிகையாக உண்பதை விலக்குகிற அதே இடத்தில் அறவே உண்ணாமையையும் விலக்குகிறது. எனக்கு எதற்கு என்ற சொல்லில் எவ்வளவு பங்கு வைராக்கியம், எவ்வளவு பங்கு துயரம் என்று பிரித்துப் பார்ப்பது கடினம். துயரத்தைத் துறவு என்று எண்ணிப் பல முதியவர்கள் உடலை வாட்டிக்கொள்வதை எந்தத் தெருவிலும் காணலாம்.

கசப்பும் நம் வழிபாட்டுக்குப் புறம்பானதன்று. சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி இல்லாமல் இலை நிறைவதில்லை. தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குற்றாலத்துக்கே போவோம். அருவியின் குளிர்ச்சியில் இடையறாது இருக்கும் குற்றாலநாதருக்குச் சளியும் தலைவலியும் அண்டலாகாது என்று கருதி, மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். சுக்கு, மிளகு, கடுக்காய் சேர்த்த கஷாயத்தை நைவேத்தியமாகப் படைக்கிறார்கள். மலைக்கும் அருவிக்கும் உடையவனுக்கு ஜலதோஷம் பிடிக்குமா என்று அங்கே யாரும் வாதம் செய்வதில்லை. சிறிய உபாதைக்குச் சிறிய ஆறுதல் வேண்டும் என்பதை இறைவன் விஷயத்திலேயே ஒப்புக்கொண்ட மரபு, எழுபது வயதைக் கடந்த ஒரு மனுஷிக்கு அதை மறுக்குமா?

குற்றாலத்துக்கும் இந்தச் சாக்லேட்டுக்கும் வேறோர் உறவும் இருக்கிறது. சாக்லேட்டின் மூலப்பொருளான கொக்கோ, இந்திய மண்ணில் முதன்முதலாக நடப்பட்டது அங்கேதான். 1798-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் அதைப் பயிரிட்டனர். ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்களும் அவர்களால் அவ்வட்டாரத்தில் அமைந்தன. அன்று நட்ட கொக்கோ பெருகவில்லை. அது வணிகப் பயிராக வேரூன்றியது 1960-களுக்குப் பிறகு, கேரளத்தில்தான். இன்று பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கும் கொக்கோ மரங்களைப் பார்க்கலாம். காய்கள் கிளை நுனியில் தொங்காமல், பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும். குறும்பலாவைத் தலவிருட்சமாகக் கொண்ட குற்றாலத்தில் அதை நட்டது தற்செயல்தான் என்றாலும், பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கொக்கோவின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்ந்த மாயர்களும் அஸ்டெக் மக்களும் அதன் விதையை வறுத்து அரைத்து, மிளகாய் முதலியவற்றைச் சேர்த்து, நாம் காப்பி ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து ஊற்றி நுரை பொங்கப் பருகினர். தங்கள் தெய்வங்களுக்கும் அதைப் படைத்தனர். கரும்புச் சர்க்கரை அதில் கலந்தது ஸ்பானியர் அங்கே போன பிறகுதான். 1753-இல் தாவரங்களுக்குப் பெயரிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இம்மரத்துக்குத் தியோப்ரோமா என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் அதற்குத் தேவர்களின் உணவு என்று பொருள். நாம் கடித்துத் தின்னும் கட்டிச் சாக்லேட் வந்தது மிகவும் பின்னால். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1847-இல் உருவாயிற்று.

காயை உடைத்தால் விதைகளைச் சுற்றி வெண்ணிறச் சதை இருக்கும். புளிப்பும் இனிப்புமாகச் சுவைக்கும். விதையைச் சதையோடு குவித்து, வாழையிலையால் மூடி, ஏறத்தாழ ஒரு வாரம் புளிக்க விடுகிறார்கள். புளித்துச் சூடேறி, பின் வெயிலில் உலர்ந்து, நெருப்பில் வறுபட்ட பிறகே சாக்லேட்டின் மணம் பிறக்கிறது. இவற்றில் புளிக்கவைக்கும் கட்டத்தைத் தவறவிட்டால், எவ்வளவு அரைத்தாலும் வெறும் கசப்புத்தான் மிஞ்சும். விதையில் உள்ள கொக்கோ வெண்ணெய், நம் உடல் வெப்பத்துக்குச் சற்றே குறைந்த சூட்டில் உருகிவிடுகிறது. ஆச்சியின் நாவில் அது தானாகக் கரைந்ததற்குக் காரணம் இதுவே. பல் விழுந்தவர்களுக்கு இது சிறிய உபகாரமா!

மேலுறையில் 70 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்த அளவு கொக்கோவிலிருந்து வந்தது என்று பொருள். மிச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரை. 10 கிராம் எடையுள்ள துண்டில் ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஆனால் ஒரு துண்டுக்குச் சொன்ன கணக்கு ஒரு முழுக் கட்டிக்குப் பொருந்தாது. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வதே முறை. காப்பியில் உள்ள கஃபீன் இதிலும் சிறிது உண்டு. தூக்கம் எளிதில் கலைபவர்கள் இரவைத் தவிர்த்து மாலையில் வைத்துக்கொள்ளலாம். இதை மருந்து என்று எண்ணிச் சாப்பிட வேண்டியதில்லை. சில நாள் கழித்து மேலே வெண்மை படர்ந்தால் பூஞ்சை என்று அஞ்ச வேண்டாம். வெயிலில் இளகி உறைந்த கொழுப்பாக இருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் சாக்லேட்டுகளில் நம் ஊர்ப் பச்சைப் புள்ளி இராது. சிலவற்றுள் மது நிரப்பப்பட்டிருக்கும். சிலவற்றில் முட்டையோ விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டினோ சேர்ந்திருக்கும். பேரக்குழந்தைகளைக் கொண்டு உறையைப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று: பைரவர் சந்நிதிக்கு வெளியே படுத்திருக்கும் நாய்களுக்கு அன்பினால் ஒரு துண்டைப் போட்டுவிட வேண்டாம். நமக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருள் கொக்கோவில் இருக்கிறது. அது நாய்க்கு நஞ்சு.

சுவாமிக்குப் படைக்கலாமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஆகம முறைப்படி நடக்கும் கோயில்களில் மடைப்பள்ளியில் சமைத்ததே நிவேதனம். அதில் மாற்றம் கேட்பது முறையாகாது. கேரளத்தின் ஆலப்புழையில் பாலமுருகன் கோயில் ஒன்றில் பக்தர்கள் சாக்லேட்டையே காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள்; அது அவ்வூர் வழக்கம். வீட்டுப் பூஜையறைக்கு விதி இன்னும் எளிது. நாம் உண்ணப்போவது எதுவோ, அதை எச்சில் படாமல் முதலில் அங்கே வைப்பது. விரத நாளில் உண்ணலாமா என்பதை அந்தந்தக் குடும்பத்து வழக்கமே தீர்மானிக்கட்டும். மறைத்து உண்பதால் வரும் குற்றவுணர்வு, விளக்கின் முன் வைத்து எடுத்தால் வருவதில்லை. அளவும் தானாகக் குறைகிறது. தட்டில் ஒரு சதுரத்தை வைக்கலாம். முழுக் கட்டியையும் வைத்துக் கற்பூரம் காட்ட யாருக்கும் மனம் வராது.

சனிக்கிழமை காலையில் ஆச்சி அப்படித்தான் செய்தார். குளித்து, விளக்கேற்றி, புதிதாக இரண்டு சதுரங்களை ஒடித்து விசுவநாதர் படத்தின் முன் வைத்தார். பத்து மணிக்குத் தபால்காரர் வந்தார். விரல் ரேகை விழாதவர்களுக்குக் கைபேசியில் முகத்தைக் காட்டியே சான்று பதிவு செய்ய வழி இருக்கிறதென்றும், வீட்டுக்கே வந்து செய்து தருவதாகவும் பக்கத்து வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தனர். கண்ணை இமைக்கச் சொன்னார் தபால்காரர். ஆச்சி இமைத்தார். சான்று பதிவாகிவிட்டது.

மாலையில் கோயில் வாசலுக்குப் போனபோது, இலையில் மடித்து எடுத்துச் சென்ற இரண்டாவது சதுரத்தைப் பூக்காரம்மாவிடம் நீட்டினார். “நேத்து கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காத தாயி” என்றார். பூக்காரம்மா அதில் பாதியைக் கடித்து வாயில் போட்டார், முகம் கோணியது.

“கஷாயம் மாதிரில்லா இருக்கு, ஆச்சி!”

“கொஞ்சம் பொறு. கடிக்காத.”

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு பூக்காரம்மா மிச்சப் பாதியைப் பேரனுக்கென்று சுருக்குப்பையில் முடிந்துகொண்டு, நூலை எடுத்துப் பூவை அளக்கத் தொடங்கினார். குடைக்காரர் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.